பம்ப் இருக்கிறது, இருபது நிமிடம் எங்கே?

காலை ஏழு மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திட்டக்குடியில் விருத்தாசலம் பஸ் ஏறுகிற பெண்ணுக்குப் பதினோரு மணிவாக்கில் மார்பு கனக்க ஆரம்பிக்கும். பன்னிரண்டு மணிக்கு அது வலியாகும். அதற்குப் பிறகு பக்கத்தில் யாருடைய செல்போனிலாவது ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால் போதும், ஜாக்கெட் நனைந்துவிடும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கழிவறைக்குப் போய், வாஷ்பேசினில் பீச்சிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இருக்கைக்குத் திரும்ப வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியை, வங்கி ஊழியர், ஜவுளிக்கடை விற்பனைப் பெண், விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர் என்று வேலை மாறலாம். இந்தப் பதினோரு மணி மாறாது.

அதே நேரத்தில் வீட்டில், பசித்து அழும் பிள்ளைக்கு ஆயா பவுடர் பால் கலக்கிக்கொண்டிருப்பார். தாயிடம் பால் இருக்கிறது, பிள்ளைக்குப் பசி இருக்கிறது. நடுவே முப்பது கிலோமீட்டர்.

இந்த இடைவெளியைக் கடக்கத்தான் பிரெஸ்ட் பம்ப் என்கிற கருவி. முன்பெல்லாம் பெரும்பாலும் பெருநகர மருந்துக் கடைகளில்தான் கிடைத்தது, இன்று செல்போனில் ஆர்டர் போட்டால் கிராமத்துக்கே வந்து சேர்கிறது. கையால் அழுத்துவது சில நூறு ரூபாயிலிருந்து, மோட்டார் வைத்தது சில ஆயிரத்திலிருந்து. விலை கொடுத்து வாங்க முடியாதவை வேறு மூன்று: பாலை எடுக்க நேரம், உட்கார ஒரு மறைவான இடம், எடுத்த பாலைக் கெடாமல் வைக்கக் குளிர்ச்சி. இந்த மூன்றும் இல்லையென்றால் பம்ப் பீரோவுக்குள் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் முன்வரிசை, அதற்கப்புறம்?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பாலை மட்டுமே குடிப்பவர்கள் 55.1 சதவீதம்தான். அகில இந்திய அளவு 63.7. பிரசவம் பார்ப்பதில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம், பாலூட்டுவதில் சராசரிக்கும் கீழே இருக்கிறது.

காரணம் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தையல் வலியோடு மயக்கம் தெளியாமல் கிடக்கும் தாயிடம் முதல் மணி நேரத்தில் குழந்தையைச் சேர்ப்பது கடினம். சீம்பால் சில சொட்டுதான் வரும் என்பதைச் சொல்ல ஆளில்லாதபோது, ‘பால் பத்தலை’ என்ற தீர்ப்பு இரண்டாம் நாளே எழுதப்பட்டுவிடுகிறது. அதையும் தாண்டி வந்தவர்களை வேலை மறிக்கிறது.

தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு. தனியார் நிறுவனத்தில், 2017 திருத்தத்தின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவருக்குப் பின்னால் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாதமும் கொஞ்சமும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குள் விடுப்பு தீர்ந்துவிடுகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையென்றால் அந்தச் சட்டமே எட்டாது. திட்டக்குடி கடைத்தெருவில் பத்துப் பேரை வேலைக்கு வைத்திருக்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சதுரங்கக்காரர் கொடுத்த கருவி

பாலை உறிஞ்சி எடுக்கும் கருவிக்கு அமெரிக்காவில் முதல் காப்புரிமை 1854-இல் ஓர்வெல் நீடம் என்பவருக்குக் கிடைத்தது. மோட்டார் பம்புக்கு வழி போட்டவர் நம் சதுரங்க ரசிகர்களுக்கும் தெரிந்திருக்கக்கூடியவர்: எட்வர்ட் லாஸ்கர். உலகச் சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் வேறு, இவர் வேறு. ஜெர்மனியில் பொறியியல் படித்து அமெரிக்கா போன இவர், குழந்தையின் உறிஞ்சலைப் போலவே இழுத்து விடுகிற கருவிக்கு 1927-இல் காப்புரிமை பெற்றார். 1956-இல் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஐனார் எக்னெல், தாய்க்கு வலி குறைந்த இன்னொரு வடிவத்தைக் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் இது மருத்துவமனைக் கருவி. குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களுக்காக வார்டில் இருந்த கனமான பெட்டி. வீட்டுக்கு எடுத்துப் போகும் மின்சார பம்ப் 1991-இல்தான் சந்தைக்கு வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. முதலில் வேகமாகவும் லேசாகவும் இழுக்கும். குழந்தை வாய் வைத்தவுடன் செய்வது அதைத்தான். பால் இறங்குவதற்கான அழைப்பு அது. பால் இறங்கியதும் வேகம் குறைந்து இழுப்பு ஆழமாகும். உடலுக்குள் இரண்டு ஹார்மோன்கள் வேலை செய்கின்றன. புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கிறது, ஆக்ஸிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. ஆக்ஸிடோசின் மனநிலைக்குக் கட்டுப்பட்டது. யார் கதவைத் தட்டுவார்களோ என்ற பதற்றத்தில் அது பின்வாங்கும். பிள்ளையின் போட்டோவைப் பார்த்தால், அதன் சட்டையை முகர்ந்தால் முன்வரும். ஆகவே மறைவான இடம் வேண்டும் என்பது கூச்சத்துக்காகக் கேட்கிற சலுகை இல்லை, பால் வருவதற்கே அது தேவை.

இறைக்கிற கிணறு ஊறும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். மார்பில் பால் தேங்கி நின்றால் ‘போதும்’ என்ற செய்தி உடம்புக்குப் போய்ச் சுரப்பு குறையும். வேலைக்குப் போன இரண்டே வாரத்தில் ‘பால் வத்திப்போச்சு’ என்று பலர் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான். பகல் முழுக்க எடுக்காமல் விட்ட பால், மறுநாள் சுரக்க வேண்டிய பாலையும் சேர்த்துக் குறைக்கிறது. குழந்தை வழக்கமாகக் குடிக்கும் நேரங்களில், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தாலே சுரப்பு நிலைக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பம்ப் பாலை அளக்கும் கருவி அல்ல. புட்டியில் ஐம்பது மில்லி விழுந்ததைப் பார்த்து, நமக்கு இவ்வளவுதான் பால் என்று மனம் உடைய வேண்டாம். நன்றாகச் சப்புகிற குழந்தை, எந்த மோட்டாரைவிடவும் திறமையாகப் பாலை இழுக்கும்.

கை இருக்க, ஊசிக்குழல் இருக்க

பம்ப் வாங்க வசதி இல்லாதவர் பின்தங்கிப் போய்விடவில்லை. கையால் பீச்சுவது இன்றும் சிறந்த முறை. முதல் சில நாளின் கெட்டியான சீம்பாலுக்குக் கையே மேல். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் எதிரெதிராக வைத்து, மார்புக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, வலிக்கும் அதுவே காரணம்.

உள்வாங்கிய காம்பு உள்ள தாய்க்கு அரசு மருத்துவமனை நர்ஸ் ஒரு வேலை செய்வதைப் பார்த்திருக்கலாம். புது சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டி, தண்டை அந்தப் பக்கத்திலிருந்து நுழைத்து, வழவழப்பான மறுமுனையைக் காம்பின் மேல் வைத்து மெல்ல இழுப்பார். காம்பு வெளியே வந்துவிடும். சில ரூபாய் செலவுள்ள இந்த வழியைக் கர்நாடகத்தின் தாவணகெரே மருத்துவர்கள் 1993-இல் ஆய்விதழில் எழுதினார்கள். அது பிறகு பல நாடுகளில் கைக்கொள்ளப்பட்டது.

நாட்டு வைத்தியத்திலும் உண்மை ஒளிந்திருக்கிறது. குழந்தை இறந்துபோன தாய்க்கோ, பாலை நிறுத்தியாக வேண்டியவருக்கோ மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் வீடுகளின் வழக்கம். வேலூர் மருத்துவர்கள் அதை ஒரு மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பூவும் மாத்திரை அளவுக்கே வேலை செய்தது என்று 1988-இல் முடிவு வெளியானது. எதற்கு எது என்று தெரிந்து கையாண்ட பாட்டிமார்களிடம் பம்பைப் பற்றியும் பேசிப் புரியவைக்கலாம்.

கத்திரி வெயிலும் ஐஸ் பெட்டியும்

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

“அத்தை, பிரிட்ஜ்ல மேல் தட்டுல பால் டப்பா இருக்கு. பத்து மணிக்கு எடுத்துக் குடுத்துருங்க.”

“ஐஸ்ல வச்ச பால குடுத்தா புள்ளைக்குச் சளி புடிக்கும்மா. பழைய பால் வேற.”

பிரிட்ஜில் வைத்த தாய்ப்பாலால் சளி பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் டப்பாவைச் சற்று நேரம் வைத்தால் குளிர் போய்விடும். அடுப்பில் நேரே வைத்துக் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. மேலே ஆடை போல மிதப்பது பாலின் கொழுப்பு. பால் திரிந்துவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

கணக்கு இதுதான். 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் நாலு மணி நேரம். பிரிட்ஜில் நாலு நாள். உறைநிலைப் பெட்டியில் ஆறு மாதம் வரை தரம் குறையாது. உறைந்ததை இளக்கினால் பிரிட்ஜில் ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஆயுள்.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் வெள்ளாற்றங்கரைச் சித்திரை மாதத்தைப் பார்த்ததில்லை. திட்டக்குடியில் கத்திரி வெயில் நாளில் அறைக்குள்ளே 25 டிகிரி என்பது கனவு. ஆகவே இங்கே ‘நாலு மணி நேரம்’ என்பதை நம்பி மேஜை மேல் வைக்க வேண்டாம். எடுத்த உடனே குளிர்ச்சிக்குப் போக வேண்டும். மூடி இறுக்கமான சிறிய ஐஸ் பெட்டியில், இரவே உறைய வைத்த ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே டப்பாவை வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். மாலை பஸ் தாமதமானாலும் பயமில்லை. வீட்டில் பிரிட்ஜின் கதவுப் பக்கம் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடாகும். உள்தட்டின் பின்பக்கம் சரி. கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டாலே பாதி பாதுகாப்பு.

சுத்தம் இன்னும் முக்கியம். 2016-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு குரோனோபாக்டர் என்ற கிருமி மூளைவரை பரவியது. கிருமி, தாயின் பம்பிலும் அதில் எடுத்த பாலிலும் இருந்தது. பம்பின் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறப் போட்டுவிட்டுத் தேய்க்காமல் அலசியெடுத்ததே வழியானது. ஊறவைப்பது கழுவுவது ஆகாது. பால் பட்ட பாகங்களை உடனே கழற்றி, சிங்க்கில் போடாமல், அதற்கென்றே வைத்த பாத்திரத்தில் சோப்பும் தனிப் பிரஷும் கொண்டு தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, காற்றில் உலர விட வேண்டும். நாளுக்கு ஒருமுறை கொதிநீரில் போடலாம், இட்லிப் பானையில் ஆவி காட்டலாம். பம்ப் ஒருவருக்கானது. அக்கா பயன்படுத்தியதைத் தங்கைக்குக் கொடுக்கிற வழக்கம் இதில் வேண்டாம்.

புட்டி வேண்டாம், பாலாடை போதும்

எடுத்த பாலை எதில் கொடுப்பது? பம்போடு ரப்பர்க் காம்புள்ள புட்டியும் சேர்ந்தே வருகிறது. புட்டி பழகிய சில குழந்தைகள் மார்பில் சப்ப மறுக்கும். நம் வீட்டில் இதற்குப் பதில் எப்போதோ இருக்கிறது: பாலாடை. மூக்கு நீண்ட அந்தச் சிறு எவர்சில்வர் பாத்திரம், இந்திய மருத்துவர்களின் ஆய்வுக் கட்டுரைகளில் அதே பெயரில் இடம் பிடித்துவிட்டது. 1999-இல் வெளியான ஒரு இந்திய ஆய்வு, பாலாடையில் குழந்தைகள் சீக்கிரமாகவும் சிந்தாமலும் குடித்ததாகச் சொன்னது. பின்னர் லண்டனில் செய்து பார்த்தபோது நேரமும் அதிகம், சிந்தியதும் அதிகம். பாத்திரம் ஒன்றுதான், புகட்டிய கை வேறு. நம் ஊர் ஆயாவுக்கு அந்தக் கை இருக்கிறது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, விழுங்க விழுங்கச் சாய்ப்பது அவருக்குப் புதிதல்ல.

மூச்சுக்குப் போராடும் சிசுவுக்கு

வேலைக்குப் போகிற தாய்க்குப் பம்ப் வசதி. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தைக்கு அது உயிர் காக்கும் கருவி. எடை குறைந்த சிசுவின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சியிலிருந்து காக்கும் சக்தி தாய்ப்பாலுக்கு உண்டு. 108 ஆம்புலன்சில் குழந்தை பெரிய மருத்துவமனைக்குப் போய்விட, தாய் பிரசவித்த இடத்திலேயே படுத்திருக்கும் நிலையில், முதல் சில மணி நேரத்திலேயே பாலெடுக்கத் தொடங்கி, இரவு பகலாக நாளுக்கு எட்டு முறையாவது தொடர வேண்டும். அப்போதுதான் குழந்தை சப்பத் தயாராகும் நாளில் சுரப்பு காத்திருக்கும்.

சொந்தத் தாயிடம் பால் இல்லாதபோது பிறர் பால். வியன்னாவில் 1909-இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி, ஆசியாவில் முதன்முதலாக மும்பை சயான் மருத்துவமனைக்கு 1989-இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் வந்தது. தமிழகத்தில் 2015-இல் அரசு மருத்துவமனைகள் பலவற்றுக்கு விரிந்தது. புதுச்சேரி ஜிப்மரில் ‘அமுதம் தாய்ப்பால் மையம்’ இயங்குகிறது. கொடையாளியின் ரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் முப்பது நிமிடம் சூடாக்கி, உறைய வைத்துத்தான் கொடுப்பார்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் வங்கிக்கு அந்த நகரத்துப் பெண் ஒருவர் 22 மாதங்களில் சுமார் 300 லிட்டர் கொடுத்தது 2025-இல் செய்தியானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024-இல் சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் ஐம்பது மில்லி தாய்ப்பால் ஐந்நூறு ரூபாய்க்கு விற்கப்பட்டு, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தாய்ப்பாலை விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மே மாதம்தான் சொல்லியிருந்தது. பரிசோதிக்காத பால் நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். கொடுப்பதென்றால் வங்கிக்கே.

உட்காரும் உரிமைக்கு அடுத்தது

2015 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா 352 பஸ் நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்கள் அறையைத் திறந்து வைத்தார். நாட்டுக்கே முன்னோடியான செயல். பின்னாளில் பல ஊர்களில் அந்த அறைகள் பூட்டிக் கிடப்பதாகவும் சாமான் அறையாகிவிட்டதாகவும் பத்திரிகைகள் எழுதின. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் அமைவதை மாநிலங்கள் உறுதி செய்ய வேண்டும் என்றது. ஆனால் அந்த அறை கைக்குழந்தையோடு வருகிற தாயை மனதில் வைத்தது. குழந்தையை வீட்டில் விட்டு, பையில் பம்போடு வருகிறவருக்குக் கூடுதலாக ஒரு பிளக் பாயின்டும் ஒரு குழாயும் வேண்டும்.

வேலையிடச் சட்டத்திலும் இதே குறை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்க்கு நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். எல்லாமே குழந்தை பக்கத்தில் இருக்கிறது என்ற கணக்கில். பிள்ளை திட்டக்குடியில், தாய் விருத்தாசலத்தில் என்றால் அந்த இடைவேளையால் யாருக்கு லாபம்? அமெரிக்கா 2022 டிசம்பரில் இயற்றிய சட்டம், பாலெடுக்க நேரமும், கழிவறை அல்லாத மறைவான இடமும் குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை தர வேண்டும் என்று நேராகவே எழுதிவிட்டது.

இந்த விஷயத்தில் திட்டக்குடிக்கு ஒரு பாத்தியதை உண்டு. நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தத்தை 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன். அப்போது அவர் திட்டக்குடித் தொகுதியின் உறுப்பினர். கேரளத்துக்கு அடுத்து இப்படிச் சட்டம் போட்டது தமிழகம். ஒரு ஸ்டூலுக்குச் சட்டமா என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். கால் வீங்கி வீடு போனவர்கள் சிரிக்கவில்லை.

அதே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இன்னும் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். பாலூட்டும் தாய் எந்தக் கடையில் வேலை செய்தாலும், ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் சம்பளத்தோடு இருபது நிமிட இடைவேளை; உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு; ஐஸ் பெட்டி வைக்க ஓர் ஓரம். சிறு கடை முதலாளிக்கு இதில் அறை கட்டும் செலவு இல்லை, சரக்கு அறையில் ஒரு திரை போட்டால்கூட ஆகும். தனியாக இடமில்லாத கடைகளுக்குப் பஸ் நிலைய அறையைத் திறந்து வைத்து, சாவியை நகராட்சி ஒருவர் கையில் கொடுத்தால் கடைத்தெரு முழுக்கப் பயன்படும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பள்ளித் தலைமையாசிரியர் ஒரு வகுப்பு நேரத்தை மாற்றிக் கொடுக்கலாம், வங்கி மேலாளர் ஒரு அறையை அரைமணி ஒழித்துத் தரலாம், கணவர் இரவில் பம்பின் பாகங்களைக் கழுவி வைக்கலாம். செலவே இல்லாத இந்த மூன்றும் நடக்கிற இடத்தில், எந்த விலைப் பம்பாக இருந்தாலும் வேலை செய்யும்.